திருந்தாத பிரதிகள்

‘திருத்து’ என்ற வினைச்சொல் தமிழில் பல இடங்களில் புழங்குகிறது. காடு வெட்டிக் காணி திருத்துகிறோம். வாத்தியார் பரீட்சைத்தாள் திருத்துகிறார். சொல்வழி கேளாத பிள்ளையைத் திருத்தப் பார்க்கிறோம். முடியாதபோது ‘திருந்தாத சென்மம்’ என்று கைவிடுகிறோம். எழுதி முடித்த நாவலொன்றின் பிரதியைத் திரும்ப எடுத்துவைத்து வேலைசெய்வதற்கும் இதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். நிலத்தை மட்டப்படுத்துவதும் விடையைச் சரிபிழை பார்ப்பதும் ஆளை வழிக்குக் கொண்டுவருவதும் ஒரே செயல்தான் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள் குடியிருக்கிறது. இதற்குப் பதிலாகப் பதிப்பாளர்கள் கொண்டுவந்த ‘செம்மையாக்கம்’ என்ற சொல்லும் பெரிய விடுதலை எதையும் தந்துவிடவில்லை. செம்மை என்றால் நேர். அதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பது வளைவு. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துப் பேச்சுக்கு உரைகாரர்கள் வைத்த பெயர் கொடுந்தமிழ், அதாவது வளைந்த தமிழ்.

நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான். கவனிக்கும் விதத்திலும் நினைவில் வைக்கும் விதத்திலும் மற்றவர் முகத்தை வாசிக்கும் விதத்திலும் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட மூளையுடைய ஒருவர் புனைகதை எழுதினால், அவருடைய பிரதியைத் திருத்துவது என்றால் என்ன? எங்கே பிரதி திருத்தப்படுகிறது, எங்கே ஆள் திருத்தப்படுகிறார்?

ஓட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவன வேறுபாடு, டிஸ்லெக்சியா எனப்படும் எழுத்துவாசிப்புச் சிரமம் என்று மருத்துவம் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்தவற்றை மனித மூளையின் பன்மையாகப் பார்க்கும் போக்கு 1990களில் உருவானது. ஓட்டிசமுடையவர்கள் தமக்குள் நடத்திய விவாதங்களிலிருந்து எழுந்த இந்தக் கருத்து 1998இல் அவுஸ்திரேலியாவில் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும் அமெரிக்காவில் ஹார்வி புளூமின் கட்டுரையொன்றிலும் எழுத்தில் பதிவானது. ‘நரம்பியல் வேறுபாடுடையவர்’ என்ற பொருள்தரும் சொல்லைச் சில காலத்தின் பின் உருவாக்கிய கசியான் அசசுமாசு அதை ஓட்டிசத்தோடு நிறுத்தவில்லை. வலிப்பையும் மனநோய் எனப்படுபவற்றையும் சேர்த்தே அவர் அந்தக் கூரையை விரித்தார். இந்த விரிவு எமக்கு முக்கியம். ஏனென்றால் தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எம்மிடம் இருக்கும் வலுவான உதாரணம் கோபி கிருஷ்ணன்.

அவரிடம் போவதற்கு முன் எமது சொந்த வரலாற்றில் ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டானியலும் டொமினிக் ஜீவாவும் அவர்களுடைய தலைமுறையினரும் சாதாரண சனங்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது பண்டிதர் தரப்பு அதை ‘இழிசனர் இலக்கியம்’ என்றது. அன்று முன்வைக்கப்பட்ட வாதமும் திருத்தம் பற்றியதுதான். இந்தக் கதைகளில் விசயம் இருக்கலாம், ஆனால் மொழி பிழை, திருத்திக்கொண்டு வாருங்கள் என்பதே அது. பிழை என்று சொல்லப்பட்டது உண்மையில் ஒரு சமூகத்தின் இருப்பு என்பதை முற்போக்கு அணி நிறுவியது. அந்த வெற்றியின் பிள்ளைகள்தான் நாம். ஆனால் அந்த வெற்றியை நாம் சாதிக்கும் வர்க்கத்துக்கும் பிரதேசத்துக்கும் உரியதாக மட்டும் வைத்துக்கொண்டோம். ஒருவர் வசனம் அமைக்கும் விதம் அவருடைய ஊரிலிருந்து வரலாம் என்று ஏற்றுக்கொண்ட நாம், அது அவருடைய நரம்புகளிலிருந்தும் வரலாம் என்று யோசித்ததில்லை.

கோபி கிருஷ்ணன் 1945இல் மதுரையில் பிறந்தவர், 2003இல் இறந்தவர். உளவியல் படித்தவர், மனநல ஆலோசனைத் துறையில் வேலைசெய்தவர், தானும் மனநலச் சிகிச்சை பெற்றவர். இதில் எதையும் மறைக்காமல் எழுதினார். இறந்தவர்களுக்கு இன்றைய பெயர்களைச் சூட்டி நோய்நிர்ணயம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தன்னைப்பற்றித் தானே எழுதியது போதும். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில் மனநலச் சிகிச்சைக்கு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். ஒருவருடைய கதை வளர்ந்து இன்னொருவருடைய கதையோடு முடிச்சுப்போட்டு உச்சத்துக்கு ஏறுவதில்லை. மொழி அலுவலகக் கோவையின் மொழி. மருத்துவக் கலைச்சொல்லும் வீட்டுப் பேச்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ‘இடாகினிப் பேய்களும் நடைப்பிணங்களும் சில உதிரி இடைத்தரகர்களும்’ என்ற தலைப்பையே பாருங்கள். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் முதல் நிமிடத்திலேயே வெட்டியிருப்பார். அது வெட்டப்படாமல் இருப்பதுதான் அந்த நூலின் தொனி: எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பெயர்சொல்லாவிட்டால் மனம் அமைதிப்படாது என்ற தொனி.

கோபி கிருஷ்ணனை வரவேற்ற விமர்சனங்களில் ஒரு வகையை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். அவை அவரை ‘பாசாங்கில்லாதவர்’, ‘உள்ளதை உள்ளபடி எழுதியவர்’ என்று புகழ்கின்றன. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். ஆனால் இந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு பறிப்பு இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதுபவருக்குத் தெரிவு இல்லை, வெட்டல் இல்லை, அடுக்கல் இல்லை. அவர் கலைஞர் அல்ல, சாட்சி. ‘உள்ளேயிருந்து’ நூலை ஒரே இருப்பில் வாசித்தால், எந்தக் குரலை அடுத்து எந்தக் குரல் வருகிறது, எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே கதைசொல்லி தானே விலகிக்கொள்கிறார் என்பவை தற்செயலாக அமைந்தவை என்று நம்புவது கடினம். தன்னைத்தானே எள்ளும் ஒரு கண் அதில் தொடர்ந்து வேலைசெய்கிறது. அந்தக் கண் திருத்துபவரின் கண்தான்.

ஆக, வேறுபட்ட மூளையுடைய எழுத்தாளருக்கு இரண்டு அவமதிப்புகள் காத்திருக்கின்றன. ஒன்று, அவருடைய பிரதியை நேராக்கிப் பெரும்பான்மை மூளை எழுதியதுபோல் ஆக்கிவிடுவது. மற்றையது, தொடாமல் அப்படியே விட்டு, கண்ணாடிப் பேழைக்குள் வைத்து ‘எவ்வளவு உண்மையாக இருக்கிறது’ என்று வியப்பது. இரண்டாவது முதலாவதைவிட நாகரிகமானது, ஆனால் குறைவான அவமதிப்பு அல்ல. (பூக்கோவின் பைத்தியம் பற்றிய நூலைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித்தள்ளிய எமது சஞ்சிகைகளில்தான், மாற்றுக்கருத்துச் சொன்னவரை அடுத்த பக்கத்திலேயே ‘மனநோயாளி’ என்று ஏசியதும் நடந்தது. இந்த முரணைப்பற்றி யாராவது தனியாக எழுதவேண்டும்.)

சன்னிவேலில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொரு விசயமும் கண்ணில் குத்துகிறது. இந்தப் பள்ளத்தாக்கு, மூளை வேறுபாட்டைக் கண்டு பயப்படும் ஊர் அல்ல. அதைக் கூலிக்கு எடுக்கும் ஊர். இங்குள்ள கணினித் தொழிலுக்கும் ஓட்டிசத்துக்கும் இடையிலான தொடர்புபற்றி ஸ்டீவ் சில்பர்மன் ‘வயர்ட்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை 2001 டிசம்பரில் வந்தது. சாப் நிறுவனம் 2013இலும் மைக்ரோசொவ்ற் 2015இலும் ஓட்டிசமுடையவர்களை வேலைக்கெடுக்கும் திட்டங்களைத் தொடங்கின. 2021இல் கூகிளின் ஒரு பிரிவு ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதே வகைத் திட்டத்தை அறிவித்தது. வேலைவாய்ப்பு நல்லதுதான், அதை நான் பழிக்கவில்லை. ஆனால் எந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு என்று பாருங்கள். ஆயிரம் வரிகளுக்குள் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு விலை உண்டு. அதே கண் ஒரு கதைக்குள் ஆயிரம் விபரங்களை அடுக்கினால், அதற்கு எழுத்துப்பட்டறையில் கிடைக்கும் பெயர் ‘கட்டுக்கடங்காத விவரணை’. சன்னிவேலில் பழைய லிபி தொழிற்சாலை நின்ற இடத்தில், பழக்கலவைத் தகரப்பேணிபோல் வர்ணம் பூசிய தண்ணீர்த்தாங்கி ஒன்று இன்னும் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. பேரிக்காயும் பீச்சும் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டப்பட்டு ஒரே பாகில் ஊறும் பேணி. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் சொந்தப் பிரதியிலிருந்து ஒரு பகுதியை இங்கே எடுத்துக்கொள்கிறேன், வேறொருவருடையதை எடுத்து அலசும் உரிமை எனக்கு இல்லை என்பதால். ஓட்டிசமும் கவன வேறுபாடும் எனக்கு உண்டு என்பது நாற்பது வயதுக்குப் பிறகு கலிபோர்னியாவில்தான் பெயரோடு தெரியவந்தது. நாவலின் ஏழாம் அத்தியாயம் 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது நடக்கிறது. கொக்குவிலிலிருந்து தாயோடு வெளிக்கிட்ட ஒரு சிறுவன் வழிமுழுவதும் எண்ணிக்கொண்டு போகிறான்: சைக்கிள்கள், கேத்தில்கள், தலையணைகள், ஆட்டுக்குட்டிகள். பிரதியைப் பார்த்த ஒரு பதிப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள்: ‘எண்ணிக்கைகளை நீக்கவும்.’ ‘தாயின் முகத்தில் என்ன தெரிந்தது?’ ‘சிறுவனுக்கு உணர்ச்சியே இல்லையா?’ அதே சிவப்பு மையால் இன்னொரு குறிப்பும் இருந்தது: மூன்றாம் அத்தியாயத்தில் வந்த சைக்கிள் கடைக்காரர் ஒன்பதாம் அத்தியாயத்தில் புது ஆள்போல மறுபடி அறிமுகமாகிறார்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே நிற மையில் இருந்ததுதான் என் முறைப்பாடு. சைக்கிள் கடைக்காரர் விசயத்தில் அவர் சொன்னது முழுச்சரி. நானூறு பக்கத்தை ஒரேநேரத்தில் தலைக்குள் பிடித்துவைத்திருக்க முடியாத மூளை எனது. அந்த இடம் என் எழுத்துமுறை அல்ல, என் வேலைநிலைமை. அதை வெட்டினால் நான் குறைந்துபோவதில்லை. எண்ணிக்கை அப்படியல்ல. அந்தச் சிறுவன் பயப்படும் விதமே எண்ணுவதுதான். அவன் தாயின் முகத்தைப் பார்க்கமாட்டான். அவளுடைய பையில் இருந்த போத்தல்கள் எத்தனை என்று சொல்வான். அந்த எண்ணிக்கை பாலத்துக்குக் கிட்ட ஒருமுறை குழம்புகிறது. அந்தக் குழப்பம்தான் அத்தியாயத்தின் அழுகை. முன்னுள்ள எண்களை நீக்கினால் குழம்புவதற்கு ஒன்றும் இராது. பதிப்பாசிரியர் இதைக் காணவில்லை என்பதற்காக அவரைக் குறைசொல்லவும் மாட்டேன். அவர் அழுகையை முகத்தில் தேடப் பழகியவர். டேமியன் மில்ற்றன் என்ற ஓட்டிச ஆய்வாளர், தானும் ஓட்டிசமுடையவர், 2012இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் இரட்டைப் புரிதற் சிக்கல் என்றார்: ஓட்டிசமுடையவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிக்கதை, மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை. இலக்கியத்தில் இதற்கு ஒரு நேரடி விளைவு உண்டு. வாசகருக்குப் புரியாத இடமெல்லாம் எழுத்தாளரின் பிழை என்று கணக்கில் எழுதப்படுகிறது. அதில் ஒரு பங்கு வாசகரின் கணக்கில் போகவேண்டியது.

ஆனால் எந்தப் பங்கு? இங்கேதான் நான் ‘எல்லாம் என் அடையாளம், கைவைக்காதே’ என்பவர்களோடு பிரிகிறேன். இதைப் பிரித்துப் பார்க்கவேண்டிய கடமை எழுத்தாளருக்கே உண்டு, அதற்கான வேலைமுறையும் அவருக்கு வேண்டும். எழுதக் கற்பிப்பவர்கள் தரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரேவிதமான நினைவாற்றலைக் கருதிச் செய்யப்பட்டவை. முதல் வரைவை முடித்ததும் குறைந்தது ஆறு வாரம் மேசை லாச்சிக்குள் பூட்டிவை என்கிறார் ஸ்டீபன் கிங், 2000இல் வந்த தன் நூலில். கவன வேறுபாடுடைய பலருக்குக் கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லாதது. லாச்சிக்குள் போன பிரதி ஆறு வருடத்துக்கும் அங்கேதான். முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை ஒழுங்காக வாசித்துத் திருத்து என்பதும் அப்படித்தான். டைனா மரேயும் மைக் லெசரும் வென் லோசனும் 2005இல் முன்வைத்த கருத்துப்படி ஓட்டிசமுடையவரின் கவனம் ஒரு நேரத்தில் ஒரு வாய்க்காலில்தான் முழுவேகத்தோடு பாயும். அப்படியானால் பிரதியையும் வாய்க்கால் வாய்க்காலாகத்தான் திருத்தவேண்டும். ஒரு சுற்றில் தாய் வரும் இடங்கள் மட்டும். அடுத்த சுற்றில் நாள், நேரம், நிலா மட்டும். பிறகு, யார் யாரை என்ன முறைசொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும். சுவரில் ஒட்டிய அட்டைகள், கணினியை உரத்து வாசிக்கவிட்டுக் கேட்பது எல்லாம் இதற்குள் அடங்கும். இது சலுகை அல்ல; தச்சன் இடக்கையன் என்றால் வாளை இடக்கையில் பிடிப்பதுபோல.

ஒக்ரேவியா பட்லர் டிஸ்லெக்சியாவோடு எழுதியவர் என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். 1947இல் கலிபோர்னியாவின் பசடீனாவில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண் மெதுவாகத்தான் வாசிப்பார்; ஒலிநாடாக்களைக் கேட்பதை விரும்பினார். 2006இல் அவர் இறந்தபின் அவருடைய தாள்கள் சான் மரீனோவிலுள்ள ஹண்டிங்ரன் நூலகத்துக்குப் போயின. 1993இலும் 1998இலும் வந்த இரண்டு ‘பரபிள்’ நாவல்களுக்கு அடுத்ததாக அவர் எழுத நினைத்த மூன்றாவது நாவலின் தொடக்கங்கள் அங்கே கிடக்கின்றன: ஒன்று இரண்டல்ல, பல. ஒவ்வொன்றும் சில பக்கம் ஓடி நின்றுவிடுகிறது. அதை ஆய்வாளர்கள் சோகமாகத்தான் விபரிக்கிறார்கள். எனக்கு அதில் சோகம் மட்டும் தெரியவில்லை. முழுதாக வந்த நாவல்களுக்கும் இந்த உடைந்த தொடக்கங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே கைவேலை: மறுபடி முதலிலிருந்து, வேறு வாசலால் உள்ளே போய்ப் பார்ப்பது. அந்தப் பழக்கம் சில நூல்களைத் தந்தது, ஒன்றைத் தரவில்லை.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ரீற்றோ ராஜர்ஷி முகோபாத்யாயின் விசயம் இதைவிடச் சிக்கலானது. 1989இல் பிறந்த, பேசாத ஓட்டிசமுடையவர். கர்நாடகத்தில் வளர்ந்து பிறகு ரெக்ஸாஸில் ஒஸ்ரினுக்கு வந்தவர். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எழுதியவை 2000இல் இங்கிலாந்தில் நூலாக வந்தபோது உலகம் அவரிடம் கேட்டது வாக்குமூலம்தான்: உள்ளே எப்படி இருக்கிறது, சொல். அவருடைய தாய் சோமா உருவாக்கிய கற்பிக்கும் முறையில், எழுதுவது பிள்ளையா உதவுபவரா என்ற சந்தேகத்தை எழுப்பி அமெரிக்கப் பேச்சுமொழி மருத்துவர் சங்கம் 2018இல் அந்த முறையை நிராகரித்தது. அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. வேறு பிள்ளைகளின் வாயில் பிறர் சொல் திணிக்கப்படும் ஆபத்து உண்மையானது. ரீற்றோ தானே பென்சில் பிடித்து எழுதுபவர் என்பதும் பதிவாகியிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பிறகு போன திசை. 2015இல் வந்த ‘பிளாங்ரன் டிறீம்ஸ்’ நூலில் அவர் விசேட கல்வி வகுப்பறையை அங்கதமாகத் திருப்பிப் பார்க்கிறார், அவதானிக்கப்பட்டவர் அவதானிப்பவராகிறார். ரால்ஃப் சவரீஸ் என்ற இலக்கியப் பேராசிரியர் அவரோடு சேர்ந்து ‘மோபி டிக்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்த அனுபவத்தை 2018இல் நூலாக்கினார். அதில் ரீற்றோ நோயாளியாக இல்லை, சக வாசகராக இருக்கிறார். சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கி எழுத்துமேசைக்கு வருவது என்றால் இதுதான்.

சாட்சிக்கூண்டு எமக்குத் தெரியாததல்ல. அகதி விண்ணப்பம் எழுதிய எல்லோருக்கும், எழுதிக்கொடுத்த எல்லோருக்கும், திருத்தம் என்றால் என்னவென்று தெரியும். நாள் வரிசைப்படி சொல். போனமுறை சொன்னதையே சொல். அழவேண்டிய இடத்தில் அழு. அமெரிக்காவில் 2005இல் வந்த ‘ரியல் ஐ.டி.’ சட்டத்தின்படி, விண்ணப்பக்காரரின் வாக்குமூலத்திலுள்ள ஒரு முரண்பாடு வழக்கின் மையத்தைத் தொடாவிட்டாலும் அதைவைத்து அவருடைய நம்பகத்தை நீதிபதி மறுக்கலாம். அவருடைய நடத்தையும் பாவனையும்கூடக் கணக்கில் எடுக்கப்படும். ஓட்டிசமுடைய ஒரு தமிழ் அகதி கண்ணைப் பார்க்காமல், குரல் மாறாமல், சித்திரவதை அறையின் மின்விசிறிக்கு எத்தனை தகடு என்று சொன்னால் அந்த மேசையில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே எடுத்து நாவலுக்குள் வைத்தபோது, அதிகாரம் கேட்கும் கதைக்கும் நடந்த கதைக்கும் இடையிலுள்ள தூரத்தைப்பற்றி நாமெல்லாம் வியந்து பேசினோம். அந்தத் தூரம் எமது சஞ்சிகை அலுவலகங்களுக்குள்ளும் இருக்கிறது. ‘பாத்திரம் ஏன் அழவில்லை?’ என்ற ஓரக்குறிப்பு குடிவரவு அதிகாரியின் கேள்வியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது?

தமிழ்ப் பதிப்புலகில் நெடுங்காலம் மெய்ப்புப் பார்ப்பதே இருந்தது. 1974இல் தொடங்கிய க்ரியாவும் 2020இல் மறைந்த அதன் ராமகிருஷ்ணனும்தான் எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைப் பார்ப்பது என்ற பழக்கத்துக்கு இங்கே ஒரு மரியாதையை உண்டாக்கினார்கள். புலம்பெயர் சூழலில் அதுவும் இல்லை. இப்போது அந்த வெற்றிடத்துக்குள் இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக்கூட்டல் சிரமமுள்ளவர்களுக்கு அது கைத்தடி. அதைப் பறிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் என் ஏழாம் அத்தியாயத்தை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு விநாடியில் எண்ணிக்கைகளைச் சுருக்கி ‘எண்ணற்ற சைக்கிள்கள்’ என்று எழுதித் தந்தது. தாயின் முகத்தில் கண்ணீரையும் சேர்த்திருந்தது.

ஆகவே எமது சஞ்சிகை ஆசிரியர்களிடம் கேட்பது சிறிய விசயம்தான். பிரதியில் குறிப்பெழுதும்போது இரண்டு நிற மை வைத்துக்கொள்ளுங்கள்: ‘இது பிரதிக்குள் முரண்படுகிறது’ என்பதற்கு ஒன்று, ‘இது எனக்குப் பழக்கமில்லை’ என்பதற்கு மற்றொன்று. இரண்டாவது நிறத்தில் எழுதியதை உத்தரவாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள், பதில் வரும்வரை வெட்டாமல் இருங்கள். இதை மறுத்து எழுதவிரும்புபவர்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். ‘மனநோயாளி’ என்ற சொல்லை வசையாகப் பாவிக்காமல் எழுதிப் பார்க்கட்டும்.